நான் மணல் பார்க்கப் போன சமயம்

எனக்கு எழுபத்தொரு வயசு ஆகுது. பெத்தது நாலு, வளத்ததும் நாலு. எங்க காலத்துல எங்க மலையில எல்லாராலயும் இப்படிச் சொல்ல முடியாது. காய்ச்சல்லயும் கழிச்சல்லயும் ஊட்டுக்கு ஊடு ஒண்ணு ரெண்டு போகும். நான் ஒண்ணையும் போக விடல. ரெண்டு பொண்ணு, ரெண்டு பையன். பொண்ணுக ரெண்டும் கீழ சேந்தமங்கலம் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருச்சு. பசங்க ரெண்டு பேரு எனக்குச் செஞ்சதைத்தான் எழுத உக்காந்திருக்கேன்.

பள்ளிக்கூடம் போனவ இல்லீங்க நான். சின்னவன் அஞ்சாவது படிக்கறப்ப அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து சிலேட்டுல எழுதுவான். நான் கஞ்சி கிண்டிக்கிட்டே அதப் பாத்துப் பாத்துப் பழகுனேன். சின்ன ர எங்க, பெரிய ற எங்கன்னு இன்னும் எனக்குக் குழப்பந்தான். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

எங்க மலையில கொஞ்சம் ஊரு சேந்தா அத ஒரு நாடும்போம். எங்க ஊடு எடப்புளி நாட்டுல, ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, ஒரு மேட்டு மேல இருந்துச்சு. மொதல்ல புல்லுக் கூரை. அப்புறம் நானும் எங்கூட்டுக்காரரும் நாட்டு ஓடு வாங்கி, லாரி நிக்கற எடத்துல இருந்து தலைச்சுமையா ஏத்துனோம். அப்ப மூத்தவன் என் வயித்துல இருந்தான். "நீ தூக்காத, உக்காரு"ன்னு அவரு சொல்லுவாரு. நான் உக்காரல. அவரு போய்ச் சேந்தும் ரொம்ப வருசமாச்சு.

அந்த மேட்டுல நின்னா எதுத்த பள்ளம் முழுசும் தெரியும். காலைல பனி வந்து பள்ளத்த மூடிக்கும், வெயில் ஏற ஏற ஒவ்வொரு மரமா வெளிய வரும். நாங்க அத ஒரு அதிசயமா நெனச்சதில்ல. கீழ இருந்து கார்ல ஆளுங்க வர ஆரம்பிச்ச பின்னாலதான் அதுக்கு வெல இருக்குதுன்னு சின்னவனுக்குத் தெரிஞ்சுது.

"அம்மா, இந்த மேடு மாதிரி இந்த மலைலயே யாருக்கும் அமையாது. ஊட்டப் பிரிச்சுட்டு ரூம் கட்டி உட்டா ஜனம் வந்து தங்கும்"னான்.

"கட்டு. கீழ குச்சிக்காட்டுல கட்டு. குச்சிக்கெழங்கு போட்டு என்ன கண்டோம். என் ஊட்டுல மட்டும் கை வெக்காத."

"குச்சிக்காட்டுல இருந்து பாத்தா என்னம்மா தெரியும்? நீ இங்க நிக்கற முதுகுதான் தெரியும்."

"அதப் பாத்துட்டுப் போகட்டும்"னேன்.

எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. ஊட்டுக்குப் பெரியவ இருக்கற வரைக்கும் அவளக் கேக்காமக் கூரையில யாரும் கை வெக்கக் கூடாது. பிரிக்கறதா இருந்தா மொத ஓடு அவ கையால எடுத்துக் குடுக்கணும். அவ மலைய எறங்கி நாட்டு எல்லையத் தாண்டிப் போயிருந்தா மட்டும், மூத்த பையன் வாய் வார்த்தை சொன்னாப் போதும். பஞ்ச காலத்துல பொழைக்கப் போனவங்க திரும்பி வராமப் போயிருவாங்க, ஊடு இடிஞ்சு உழுகும், அதுக்காக வெச்ச ஏற்பாடு அது. என் ஆயுசுல யாரும் அப்படிச் செஞ்சு நான் பாத்ததில்ல. அதனால அந்த ரெண்டாவது பேச்சு எனக்கு நெனப்புலயே வரல. பசங்களுக்கு வந்திருக்குது.

ஒரு வருசம் சின்னவன் அந்தப் பேச்சையே எடுக்கல. அம்மா சொல்லுக்குக் கட்டுப்பட்டுட்டான்னு எனக்குப் பெருமை.

மூத்தவன் போர்வெல் வண்டியில போனவன். தண்ணி இல்லாத ஊருக்கெல்லாம் நம்ம பக்கத்து வண்டிதானுங்க போவுது. அப்படிப் போய்ப் போய் ராஜஸ்தான்ல ஜோத்பூருக்கு அந்தாண்ட ஒரு ஊர்லயே தங்கிட்டான். அங்க வண்டிகளுக்கு மேஸ்திரியா இருக்கான். கலியாணம் லேட்டு, கொழந்தையும் லேட்டு. தைப் பொங்கலுக்குப் பொண்டாட்டி கொழந்தையோட வந்தான். பொங்கல் முடிஞ்சு பானை கழுவிக்கிட்டு இருக்கறப்ப எம் பக்கத்துல வந்து குத்த வெச்சு உக்காந்தான்.

"ஏம்மா, பொறந்ததுல இருந்து மலையவே பாத்துக்கிட்டு இருக்கற. மணலப் பாக்கறயா? ரயில்ல கூட்டிட்டுப் போறேன். வழி நெடுக மலை, குகை, கடல், கடைசில பாலைவனம். பாத்துட்டு வந்துரலாம்."

"வந்துரலாம்"னுதான் சொன்னான். அந்தச் சொல்லை நான் மறக்கல.

நான் ரயில்ல ஏறுனதே இல்ல. ஆசைதான். சந்தை நாளன்னைக்குச் செம்மேட்டுல மொளகு விக்கற எடத்துல நின்னு நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொன்னேன்: "எம் பசங்க என்னைப் பாலைவனம் பாக்கக் கூட்டிட்டுப் போறாங்க." அங்க எனக்குப் பழக்கமான ஒருத்தி இருக்கா, வாய்த் துடுக்குக்காரி. "ஏனுங்க, அங்க போயி ஒட்டகத்துக்கிட்ட மாட்டிக்காதீங்க, நம்ம கொரங்கு மாதிரி கல்லெறிஞ்சா ஓடாது"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான். "உன் பசங்க உன்னைச் சேந்தமங்கலம் சினிமாவுக்காவது கூட்டிட்டுப் போயிருக்காங்களா"ன்னு அவள மடக்குனேன். என்னமோ பெரிசா செயிச்சுட்ட மாதிரி இருந்துச்சு.

கெளம்பற அன்னிக்குச் சின்னவன் என் மூட்டையத் தோள்ல வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். சாவிய வாங்கிக்கிட்டான். "கோழிக்குத் தீனி போடணுமில்ல"ன்னான். பஸ் எடுக்கறப்பக் குனிஞ்சு என் காலைத் தொட்டான். அவன் கலியாணத்தன்னிக்குக்கூட யாரோ சொல்லித்தான் தொட்டான். பஸ்ஸு வளைவு வளைவா எறங்கற வரைக்கும் எனக்கு அதே நெனப்பு. வயசு ஏற ஏறப் பையனுக்குப் பாசம் வந்திருச்சுன்னு மருமககிட்டச் சொன்னேன். அவ சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு "ஆமாங்க அத்தே"ன்னா.

கோயமுத்தூர்ல ரயில் ஏறுனோம். எனக்குச் சன்னல் ஓரம் குடுத்தான். பாலக்காடு தாண்டறப்ப ரெண்டு பக்கமும் மலை வெலகி நின்னுச்சு. நம்ம மலை மாதிரி சரிவா இல்ல, கருங்கல்லு நட்டமா நிக்குது. அதுல என்ன வெளையும்னு கேட்டேன். "உனக்கு எதப் பாத்தாலும் வெள்ளாமைதானா"ன்னு மூத்தவன் சிரிச்சான். அப்புறம் கேரளா, தென்னை, தண்ணி, மறுபடி தென்னை. அதுக்கு அந்தாண்ட ஆரம்பிச்சுது பாருங்க குகை. திடீர்னு பகல் அணஞ்சு போகுது. பொட்டி முழுக்கப் பசங்க ஓன்னு கத்துதுங்க. மொத தடவை நானும் கத்திட்டேன். வெளிய வந்தா ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் எங்கியோ கீழ ஆறு, ஆத்துக்கு அந்தாண்ட கடல் ஒரு கோடு மாதிரி. ஒரு பாலத்து மேல போறப்ப மரத்து உச்சியெல்லாம் நமக்குக் கீழ இருந்துச்சு. மலைக்குள்ள பூந்து இந்தப் பக்கம் வர்ற வண்டியச் செஞ்சவன் யாரோ, அவனப் பெத்தவ மகராசியா இருக்கணும்னு சொன்னேன்.

எங்க எதுத்த சீட்டுல சிவப்புச் சீலைய மொகம் வரைக்கும் இழுத்து விட்ட ஒரு அம்மா. எம் வயசு இருக்கும். மருமகளுக்குக் கொஞ்சம் இந்தி வரும், அவ கேட்டுச் சொன்னா: கேரளாவுல மகன் வேலை செய்யறானாம், பாத்துட்டு ஊருக்குத் திரும்பறாங்களாம். நான் என் மூத்தவனைக் காட்டி, என் நெஞ்சத் தொட்டு, சன்னலக் காட்டி, எம் மகன் எனக்கு ஊரக் காட்டக் கூட்டிட்டுப் போறான்னு கை சாடையில சொன்னேன். அந்தம்மா அவனப் பாத்து ரெண்டு கையையும் நெத்தில வெச்சு நெட்டி முறிச்சு திருஷ்டி கழிச்சுது. மூத்தவன் எந்திரிச்சுக் கதவுப் பக்கம் போயிட்டான். வெக்கப்படறான்னு நெனச்சேன்.

படுக்கறதுலதான் தகராறு. எங்கூட்டுப் பெரியவங்க கட்டில்ல படுக்கறதில்ல. சாமி இருக்கற மலை, நாம தரையிலதான் படுக்கணும்னு என் மாமியா சொல்லிக் குடுத்தது. ரயில்ல இருக்கறதும் கட்டில்தான், சங்கிலி போட்டுத் தொங்குனா மட்டும் வேற ஆயிருமா. நான் கீழ துண்டை விரிச்சுப் படுத்துட்டேன்.

"மேல படும்மா. காசு குடுத்து வாங்குன சீட்டு. பாக்கறவங்க என்னையக் காறித் துப்புவாங்க"ன்னான்.

"மூட்டைய அதுல படுக்க வெய்யி. அதுக்கு ஒரு நியமமும் இல்ல"ன்னேன்.

டீக்காரன் ஒவ்வொரு தடவையும் என்னத் தாண்டித் தாண்டிப் போனான், ஒருக்கா காலையும் மிதிச்சுட்டான். அதப் பாத்து அந்தச் சிவப்புச் சீல அம்மா, தன் சீட்டுக்கு அடியில இருந்த தகரப் பொட்டிய நகர்த்தி, எனக்கு ஆள் நீட்டத்துக்கு எடம் பண்ணிக் குடுத்துச்சு. உள்ள போய்ப் படுத்துக்கிட்டேன். ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கறேன்னு அந்தம்மா சிரிச்சுது.

அடுத்த நாள் மத்தியானம் வெளியே பச்சை கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. மரம் குட்டையாச்சு, அப்புறம் முள்ளாச்சு. மண்ணு வெளுத்துச்சு. சாப்புட்டு முடிச்சதும் எனக்குக் கண்ணு சொருகுச்சு. மூத்தவனும் மருமகளும் கொழந்தையத் தூக்கிக்கிட்டுக் கதவுப் பக்கம் போயிருந்தாங்க. நான் மூட்டைய என் சீட்டு மேல வெச்சு, யாரும் எடுத்துட்டுப் போயிரக் கூடாதுன்னு கம்பளியால மூடிட்டு, அந்தம்மா சீட்டுக்கு அடியில பூந்துட்டேன். அந்தம்மா மேல ஒருக்களிச்சுப் படுத்து, மொகத்தை மூடிக்கிட்டுத் தூங்குது.

அவங்க திரும்பி வர்ற சத்தம் கேட்டுச்சு. கம்பளிய மூத்தவன் பாத்திருக்கான்.

"ஒரு வழியா மேல ஏறிப் படுத்துருச்சு"ன்னான். அவன் கொரல்ல ஒரு நிம்மதி.

"தூங்கறப்பவே பேசிருங்க. ஊட்டுக்குப் போயிட்டாப் பேச முடியாது"ன்னு மருமக சொன்னா.

போனைப் போட்டான். ரயில் சத்தத்துல கேக்கலைன்னு ஸ்பீக்கர்ல போட்டான். சின்னவன் கொரல் எந் தலைக்கு மேல கேட்டுச்சு.

"சொல்லுண்ணா, எங்க இருக்கறீங்க?"

"மணலு ஆரம்பிச்சிருச்சு. அங்க என்னாச்சு?"

"ஓடு பூரா எறக்கியாச்சு. நீ ஆகட்டும்னு சொன்னதும் ஊர்ப் பெரியவங்க தடுக்கல, ஆளுங்க ஏறிட்டாங்க. நாளைக்கு ஜேசிபி வருது. அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. மொதல்ல ஊடு போய்ச் சேரட்டும். கொழந்தைய மடியில குடுத்துட்டா மறந்துரும். இவளும் அங்க இட்லிக் கடை போடணும்னு இருக்கா, கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணுமில்ல."

"திரும்பற டிக்கெட்டக் கேட்டா?"

"போடவே இல்லியே. கேக்கறப்பப் பாத்துக்கலாம்."

சின்னவன் சரின்னான். அப்புறம், "குளுராமப் பாத்துக்கண்ணா. அதுக்கு மூட்டு வலி. ராத்திரியில தைலம் போடணும், கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும், நீயாப் போட்டு உடு"ன்னான்.

என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். என் மூட்டு வலி வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கறவன்தான் என் கூரை மேல ஆளை ஏத்தியிருக்கான். அந்த இரும்புத் தரை அதிருது. எம் பல்லெல்லாம் அதிருது. சீட்டுக்கு அடியில என் மொகத்துக்கு நேரா ஆரோ ஒட்டிட்டுப் போன சூயிங்கம் இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வெளிய வந்து மொகத்தக் காட்ட எனக்கு முடியல. தப்பு செஞ்சவங்க மேல சொகமா உக்காந்திருக்காங்க, நான் கீழ ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன்.

அவங்க மறுபடி எந்திரிச்சுப் போன பின்னால வெளிய வந்து சன்னல் ஓரம் உக்காந்தேன். பாலைவனம் வந்திருச்சு. எல்லாரும் சொல்ற மாதிரி மணலாக் குமிஞ்சு கெடக்கல. பொடிக் கல்லு, முள்ளு, அங்கங்க மணல் மேடு. காத்து அது மேல கோடு கோடா இழுத்திருந்துச்சு, உழுது போட்டு விதைக்காம விட்ட காடு மாதிரி. ஒட்டகம் ஒண்ணு முள்ளு மரத்துல தலைய விட்டுத் தின்னுக்கிட்டிருந்துச்சு. சூரியன் எறங்கறப்ப மொத்தமும் பழுத்த பலாச்சொளை நெறமாச்சு. அழகுதான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அத ஒவ்வொண்ணாப் பாக்கப் பாக்க, இதக் காட்டித்தான என்னக் கூட்டியாந்தாங்கன்னு தோணுச்சு. ஆட்டுக்கு முன்னால தழையக் காட்டிக்கிட்டே நடப்பாங்களே, அப்படி.

மூத்தவன் வந்து, "பாத்தியாம்மா மணல? எப்படி இருக்குது?"ன்னான்.

"எல்லாம் பாத்துட்டேன்"னேன்.

அந்தச் சிவப்புச் சீல அம்மா அவங்க ஊரு வந்ததும் எறங்குனாங்க. எறங்கறதுக்கு முன்னால எம் மொகத்தப் பாத்து என்னமோ கேட்டாங்க. எனக்கு அவங்க பாஷை தெரியல, நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா, நேத்து திருஷ்டி கழிச்சீங்களே அந்த மகனப் பத்தி நான் என்ன சொல்லியிருப்பேன்.

மறு நாள் விடிஞ்சு வெயில் வந்த நேரத்துல எங்க ஸ்டேஷன் வந்துச்சு. எறங்குனேன். மூட்டையப் பிளாட்பாரத்துல போட்டு அது மேல உக்காந்துட்டேன்.

"வாம்மா, ஆட்டோ நிக்குது."

"நான் இந்த ஸ்டேஷன விட்டு வெளிய வரமாட்டேன். நம்ம ஊருக்குப் போற வண்டில ஏத்தி உடு."

"என்னம்மா இது, இப்பத்தான வந்தோம்?"

"பாக்க வேண்டியதப் பாத்தாச்சு. கெளம்பு."

மருமக கொழந்தைய எறக்கி எம் மடியில வெக்கப் பாத்தா. "அத்தே, எல்லாரும் பாக்கறாங்க"ன்னா.

"பாக்கட்டும். அவங்களுக்கா தமிழ் புரியப் போவுது. கொழந்தையக் குடு, நான் வெச்சுக்கறேன், அது எனக்கு ஒண்ணும் செய்யல. ஆனா நான் எங்கயும் வர மாட்டேன். டேய், உந் தம்பிக்குப் போனப் போடு."

மூத்தவன் மொகம் வெளுத்துருச்சு. போட்டுக் குடுத்தான்.

"ஊடு இருக்குதாடா?"ன்னு கேட்டேன்.

"அம்மா... நல்லபடியாப் போய்ச் சேந்தியா? குளுரு எப்படி?"

"ஜேசிபி வந்துச்சா?"

"உனக்கு யாரு சொன்னா?"ன்னான்.

"உங்கண்ணன்தான். நீயுந்தான். நான் சீட்டுக்கு அடியில படுத்திருந்தேன்."

மூத்தவன் திரும்பி மருமகளப் பாத்தான். போன்ல சின்னவன் அழுதான்னு நெனக்கறேன். அழுதுக்கிட்டே, "வெடியக் காலத்துலயே வந்திருச்சும்மா. இப்ப ஒண்ணும் இல்ல அங்க. மண்ணுதான் இருக்குது"ன்னான். "நீ கையால எடுத்துக் குடுக்க மாட்டேன்னுட்ட. நான் வேற என்னம்மா பண்ணுவேன்? பாங்குல, ஆளுங்ககிட்ட எல்லாம் பேசி முடிச்சுட்டேன்."

"எல்லாருகிட்டயும் பேசுனயே, எங்கிட்டப் பேசுனயாடா?"

மூத்தவன் கீழ பாத்துக்கிட்டு, "வழக்கத்த மீறலம்மா நாங்க. வழக்கப்படிதான் நான் வாய் வார்த்தை குடுத்தேன்"னான்.

இதத்தான் என்னால பொறுக்க முடியல. "அந்த வழக்கம் பஞ்சத்துல போனவளுக்குடா. மணல் காட்டறேன்னு பெத்தவள எல்லை தாண்ட வெக்கறவனுக்கு இல்ல"ன்னேன். என் கொரல் அவ்வளவு பெருசா வரும்னு எனக்கே தெரியாது. டீ விக்கற பையன் கெட்டிலக் கீழ வெச்சுட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் சென்னைப் பக்கம் போற வண்டியில மூத்தவன் என்னைக் கூட்டிட்டு ஏறுனான். அதுவரைக்கும் நான் அந்தப் பிளாட்பாரத்த விட்டு அசையல. மருமக ஊட்டுல போயி சோறு ஆக்கிக் கொண்டாந்தா, தின்னேன். சோத்து மேல எனக்குக் கோபம் இல்ல. திரும்பற வழியில மலை வந்துச்சா கடல் வந்துச்சா எனக்குத் தெரியாது. நான் சன்னலச் சாத்திட்டேன்.

ஊடு இருந்த எடத்துல ஒண்ணும் இல்ல. ஓட்ட மட்டும் ஓரமா அடுக்கி வெச்சிருந்தாங்க. சின்னவன் பஸ் ஸ்டாண்டுலயே வந்து நின்னான். நான் அவனத் தாண்டி நடந்தேன். குச்சிக்காட்டுல பன்னி வெரட்டறதுக்குப் போட்ட சின்னக் குடிசை, சாளை ஒண்ணு இருக்குது, அதுல போய் அடுப்ப மூட்டுனேன். ஊராருக்குக் கேக்கப் பயம், எனக்குச் சொல்ல வெக்கம். செம்மேட்டுச் சந்தையில அந்த வாய்த் துடுக்குக்காரி மட்டும், "ஏனுங்க, பாலைவனம் எப்படி?"ன்னு கேட்டா. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவளுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குது போல.

இப்ப மேட்டுல ரூம் எழும்பிருச்சு. பச்சைப் பெயிண்டு. சனி ஞாயிறுல காருங்க வந்து நிக்குது. "உனக்கும் ஒரு ரூம் வெச்சிருக்கேன், வாம்மா"ன்னு சின்னவன் வந்து வந்து கூப்புடறான். போகல. அதோட விட்டிருந்தா நானும் இத எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் கீழ வரப்புல நின்னு கேட்டேன், வந்தவங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கான்: "எங்கம்மாவுக்கு ரயில்ல போகணும்னு ரொம்ப ஆசைங்க. நாங்க ரெண்டு பசங்களும் சேந்து ராஜஸ்தான் வரைக்கும் அனுப்பி வெச்சோம். வந்த பின்னாலதான் இதக் கட்டுனோம்." வந்தவங்க, எவ்வளவு நல்ல பசங்கன்னு சொல்றாங்க. ஒரு பொண்ணு எறங்கி வந்து என்னை போட்டோ எடுத்துக்கிட்டு, "பாட்டி, நீங்க குடுத்து வெச்சவங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது.

ஊட்ட எடுத்துக்கிட்டான், சரி. இடிச்சத இனி எழுப்ப முடியாது. நடந்ததையும் எடுத்துக்கிட்டு வேற மாதிரி சொல்றானே, அத நான் விட மாட்டேன். அதனால எழுதிட்டேன்.

மூத்த மகளோட பொண்ணு லீவுக்கு வந்து எங்கூட சாளையில இருக்கா. இந்தா கண்ணு, மொதல்ல இருந்து படி. எழுத்து தப்பா இருந்தா நீயா மாத்தாத, அப்படியே படி. "மெதுவாப் படிக்கட்டுங்களா அம்மாயி?"ன்னு கேக்கறா. வேண்டாஞ் சாமி. மேட்டுல உம் மாமன் வந்தவங்களுக்கு டீ குடுத்துக்கிட்டு நிக்கறான். அங்க ஏறி நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படி. நானும் பின்னாலயே வாரேன்.